எத்தனை வாட் விளக்கு?

பழைய இருபது ரூபாய் நோட்டு ஒன்று கையிலிருந்தால் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 2001-ஆம் ஆண்டு முதல் புழக்கத்துக்கு வந்த செந்நிற நோட்டைச் சொல்கிறேன். எல்லோராக் குகையைத் தாங்கி 2019-இல் வந்த நோட்டை அன்று. முன்னே தென்னை மரங்கள், அப்பால் கடல், எதிர்க்கரையில் ஒரு மலைத்தொடர், அதன் அடியில் ஊசி முனையளவு ஒரு கலங்கரை விளக்கம். அந்தமானில் எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் காட்சி அது. ஊர் போர்ட் பிளேர். 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது. ஹாரியட் மலை என வழங்கிய அம்மலையும் 2021-இல் மணிப்பூர் மலை ஆயிற்று. கலங்கரை விளக்கம் மட்டும் பெயர் மாறாமல் நார்த் பேயில் நிற்கிறது.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போதெல்லாம் இந்த நோட்டை நண்பர்களிடம் காட்டிப் பெருமையடித்துக் கொள்வது என் வழக்கம். அப்போது தவறாமல் ஒருவர் கேட்பார்: “அது எத்தனை வாட் விளக்கு?”

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். கடையில் விளக்கு வாங்கும்போது நாம் கேட்பதும் அதுவேயன்றோ? ஆயினும் கடலில் இருப்பவனுக்கு இக்கேள்வியால் ஒரு பயனும் இல்லை. இதை எனக்கு முதலில் உணர்த்தியது பௌதிகப் பாடநூல் அன்று, என் மாமா.

மாமா ஜங்லிகாட் துறையிலிருந்து மீன் பிடிக்கச் செல்பவர். சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்து இரவு ஒன்றில் அவருடைய படகின் எஞ்சின் நின்றுவிட்டது. உடன் இருவர். நீரோட்டமோ அவர்களைக் கரையிலிருந்து விலக்கி இழுத்துக்கொண்டு போயிற்று. படகின் பாட்டரியில் எரியும் நல்ல எல்.இ.டி. விளக்கு ஒன்று இருந்தது. ஏறக்குறைய 1,300 லூமன் ஒளி தரக்கூடியது. அதைக் கம்பில் கட்டி உயர்த்தி வைத்தார்கள். படகு முழுவதும் பட்டப்பகல் போல் இருந்ததாம். இரண்டு மணி நேரம் ஆயிற்று; ஒருவரும் வரவில்லை. பிறகு மாமா தம் கையிலிருந்த சிறு டார்ச்சை எடுத்து, திசை தெரியாமல், தொடுவானத்தைச் சுற்றிச் சுற்றி அடித்தார். அரை மணிக்குள் ஒரு விசைப்படகு வந்து அவர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. ஏறக்குறைய மூன்று கடல் மைல் தொலைவில் நின்றிருந்த அப்படகினர், தாங்கள் கண்டது விட்டு விட்டு மின்னிய ஒரு புள்ளியை மட்டுமே என்றார்கள். பெரிய விளக்கை அவர்கள் பார்க்கவே இல்லை.

“மாப்ளே, நீ பௌதிகம் படிக்கிறவன். அவ்வளவு பெரிய லைட் எரிஞ்சுதே, அது ஏன் ஒருத்தன் கண்ணிலயும் படல்லே? இந்தச் சுண்டைக்காய் டார்ச் எப்படிப் பட்டுச்சு?” என்று மாமா கேட்டார். எனக்கு அப்போது விடை தெரியவில்லை. தெரிந்தாற்போல் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

விடை இதுதான். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. லூமன் என்பது அது எல்லாத் திசைகளிலும் சேர்த்து வெளியிடும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அளவு. முன்னது வரவு என்றால் பின்னது விளைச்சல். ஆனால் மூன்று மைலுக்கு அப்பால் இருப்பவன் கண்ணுக்கு மொத்த விளைச்சலா வந்து சேர்கிறது? அவன் இருக்கும் திசை நோக்கிப் புறப்பட்ட பங்கு மட்டுந்தான் வருகிறது. வானத்துக்குப் போனதும் படகின் பலகையில் விழுந்ததும் அவனுக்கு இல்லாதவையே. ஆகவே நாம் அளக்க வேண்டியது, குறிப்பிட்ட ஒரு திசையில் எவ்வளவு நெருக்கமாக ஒளி செல்கிறது என்பதை. இதற்கு ஒளிச்செறிவு என்று பெயர்.

திசையில் நெருக்கம் என்றால் என்ன? சமதளத்தில் கோணத்தைப் பாகையால் அளக்கிறோம். ஆனால் விளக்கு தளத்தில் ஒளி வீசுவதில்லை. நாற்புறமும், மேலும் கீழும் வீசுகிறது. எனவே திண்மக் கோணம் என்ற ஒன்று தேவைப்படுகிறது. இளநீர்க் காயின் தலையைச் சீவுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். சீவி எறிந்த வில்லையைக் காயின் நடுவிலிருந்து ஓர் எறும்பு பார்ப்பதாகக் கொண்டால், அந்த வில்லை எவ்வளவு பரப்பை அடைத்துக்கொண்டு தெரிகிறதோ அதுவே திண்மக் கோணம். ஒரு மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டரை அடைக்கும் திண்மக் கோணத்தை ஒரு ஸ்டிரேடியன் என்பர். கோளம் முழுவதும் 12.57 ஸ்டிரேடியன். ஒரு ஸ்டிரேடியனுக்கு ஒரு லூமன் வீதம் ஒளி சென்றால் அத்திசையில் ஒளிச்செறிவு ஒரு காண்டெலா.

இப்போது மாமாவின் இரண்டு விளக்குகளையும் தராசில் வைக்கலாம். பெரிய விளக்கின் 1,300 லூமன் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவுகிறது என்று கொள்வோம். 12.57-ஆல் வகுத்தால் 103 காண்டெலா. டார்ச்சின் மொத்த ஒளி 200 லூமன்தான். ஆனால் அது நடுக்கோட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் ஐந்து பாகை அளவே விரியும் ஒரு கூம்புக்குள் அடங்கிச் செல்கிறது. அக்கூம்பின் திண்மக் கோணம் 0.024 ஸ்டிரேடியன், கோளம் முழுவதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. வகுத்துப் பாருங்கள்: 8,300 காண்டெலாவுக்கு மேல் வருகிறது. மொத்த ஒளியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைந்த டார்ச், தான் நோக்கும் திசையில் பெரிய விளக்கைப்போல் எண்பது மடங்கு வலுவாய் இருக்கிறது! மற்றத் திசைகளை இருளில் விட்டதே அது கொடுத்த விலை.

கணக்கில் வந்தது உண்மைதானா என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஆய்வுக்கூடத்து லக்ஸ் மானியைக் கேட்டு வாங்கி வந்து, அதே வகை டார்ச் ஒன்றை விடுதித் தாழ்வாரத்தில் வைத்து அளந்தேன். வெள்ளையடித்த சுவர்கள் என் சோதனையைக் கெடுத்துவிட்டன. வழிதவறிப் போக வேண்டிய ஒளியையெல்லாம் அவை திருப்பி மானியில் கொண்டுவந்து கொட்டின. ஆகவே அமாவாசைக்கு மறுநாள் மொட்டை மாடிக்குச் சென்றேன். லக்ஸ் மானி காட்டுவது ஒளிச்செறிவை அன்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் ஒளியை. தொலைவு இரட்டித்தால் அது நான்கில் ஒன்றாகக் குறையும். எனவே மானி காட்டும் எண்ணைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கினால் காண்டெலா கிடைக்கும். 10 மீட்டரில் மானி 83 காட்டியது. நூறால் பெருக்க 8,300. 20 மீட்டரில் 21 காட்டியது. நானூறால் பெருக்க 8,400. லக்ஸ் மாறிற்று, காண்டெலா ஏறக்குறைய மாறவே இல்லை. இந்த அளவின் சிறப்பே இதுதான்: பார்ப்பவன் எங்கே நின்றாலும் அது விளக்குக்கு உரியதாகவே இருக்கிறது.

ஆனால் முதலில் சோம்பேறித்தனத்தால் டார்ச்சுக்கு 30 சென்டிமீட்டர் அருகிலேயே மானியை வைத்துப் பார்த்திருந்தேன். அப்போது கிடைத்தது 2,700 காண்டெலாதான். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு. வர்க்க விதி விளக்கை ஒரு புள்ளியாகக் கொள்கிறது. அவ்வளவு அருகில் டார்ச்சின் கண்ணாடி முகம் புள்ளியன்று, ஒரு தட்டு. சாதாரண விளக்குகளுக்கு அவற்றின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு தள்ளி நின்றால் போதும் என்பது அளப்போர் வழக்கு. ஒளியைக் குவிக்கும் விளக்குக்கு அது போதவே போதாது. கலங்கரை விளக்கத்தின் பெரிய கண்ணாடிகளுக்கு இன்னும் வெகு தூரம் தள்ளிப் போகவேண்டும்.

காண்டெலா என்ற சொல்லுக்கே மெழுகுவத்தி என்றுதான் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகால் குறிப்பிட்ட எடையில் வத்தி செய்து, அதன் சுடரை ஓர் அலகாகக் கொண்டார்கள். வத்தி ஒன்றுபோல் மற்றொன்று எரியுமா? அடிக்கடி வழக்கு வந்திருக்கும் போலும். 1948-இல் உறையும் நிலையிலுள்ள பிளாட்டினத்தின் ஒளியைக் கொண்டு காண்டெலாவை வகுத்தனர். 1979-இல் அதையும் கைவிட்டு, மின்காந்த அலையைக் கொண்டே வரையறுத்தனர்: விநாடிக்கு 540 இலட்சம் கோடி அதிர்வுகள் உள்ள பசுமஞ்சள் ஒளி, ஒரு திசையில் ஒரு ஸ்டிரேடியனுக்கு ஒரு வாட்டில் 683-இல் ஒரு பங்கு வீதம் சென்றால், அது ஒரு காண்டெலா. நம் நாட்டில் இந்த அளவைக் காத்து வருவது புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம்.

ஒரு ஸ்டிரேடியனுக்கு இத்தனை வாட் என்னும் அளவு கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு மட்டும் உரியதன்று. வெப்பக் கதிருக்கும் வானொலி அலைக்கும் பொருந்தும். அங்கே அதைக் கதிர்வீச்சுச் செறிவு என்பர். காண்டெலா அதனுடைய கண் வைத்த தங்கை. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் வரும்வரை எங்கள் தீவுகளின் பேச்செல்லாம் செயற்கைக்கோள் வழியேதான் நடந்தது. 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு வெறும் 20 வாட்டை எல்லாத் திசையிலும் வீசினால் ஸ்டிரேடியனுக்கு 1.6 வாட்தான், பதினாயிரம் மடங்கு குவிக்கும் குழிந்த தட்டு ஒன்று வைத்தால் அது 16,000 வாட் ஆகிவிடும். மாமாவின் டார்ச்சும் அந்தத் தட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கடலோரத்தில் விளக்கேற்றுவது நமக்குப் புதிதன்று. இரவில் கப்பல்களை அழைக்கும் உயர்ந்த மாடத்து விளக்கைப் பெரும்பாணாற்றுப்படை பாடியிருக்கிறது. மாமல்லபுரத்துக் குன்றின்மேல் இன்றைய கலங்கரை விளக்கத்தின் அருகே நிற்கும் உலக்கணேசுவரர் கோயிலின் உச்சியில் முற்காலத்தில் தீ மூட்டியதாகச் சொல்வார்கள். ஆனால் திறந்த தீயின் ஒளியில் பெரும்பகுதி வானத்துக்கும் தரைக்குமே போய்விடும். கப்பல் இருப்பதோ தொடுவானத்தை ஒட்டிய மெல்லிய ஒரு பட்டையில். வீணாகும் ஒளியை அந்தப் பட்டைக்குள் வளைத்துக் கொண்டுவந்தவர் பிரான்சு நாட்டு ஃபிரனெல். வளையம் வளையமாக வெட்டிய கண்ணாடியை அவர் 1823-இல் கோர்துவான் என்னும் கலங்கரை விளக்கத்தில் பொருத்தினார். அவர் ஒரு துளி எண்ணெய்கூட அதிகமாக ஊற்றவில்லை. ஒளியைப் பெருக்காமல் திசையை மாற்றினார்.

அப்படிக் குவித்த கதிர் ஒரே பக்கம் நின்றால் மற்றப் பக்கத்துக் கப்பல்கள் என்ன செய்யும்? எனவே கண்ணாடியைச் சுழற்றினார்கள். மாமா இருளில் சுற்றிச் சுற்றி அடித்தாரே, அதே உபாயம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மிகக் குறுகிய மின்னலைக் கண் முழு வலுவுடன் உணர்வதில்லை. 1911-இல் பிளாண்டெல், ரே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் இதற்குக் கணக்கு வகுத்தனர். ஒளி 0.2 விநாடி பட்டால், தொலைவில் மங்கலாகக் காண்பவன் கண்ணுக்கு அது பாதிச் செறிவுடையதாகவே தோன்றும்; ஒரு விநாடி பட்டால் ஆறில் ஐந்து பங்கு. பத்துப் பாகை அகலமுள்ள டார்ச் கதிரை ஏழு விநாடிக்கு ஒரு சுற்று வீதம் சுற்றினால் 0.2 விநாடி கிடைக்கும். பதற்றத்தில் இரண்டு விநாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் செறிவில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். இதை மாமாவிடம் சொன்னேன். இப்போது அவர் டார்ச்சைச் சுற்றும்போது வாய்விட்டு ஏழு எண்ணுகிறார்.

சரி, மாமாவின் பெரிய விளக்கு அப்படியொன்றும் ஏழை விளக்கா? இல்லை. இதுதான் என்னை வியக்க வைத்தது. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க 1972-இல் வகுத்த சர்வதேச விதிகள், 50 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள கப்பலின் பாய்மரத் தலைவிளக்கு ஆறு கடல் மைல் தெரிய வேண்டும் என்கின்றன. அதற்கு அவ்விதிகள் கேட்பது 94 காண்டெலா. வாட்டைப் பற்றி அங்கே பேச்சில்லை, காண்டெலாதான். மாமாவின் விளக்கு 103 காண்டெலா; பெரிய கப்பலின் விளக்குக்கு ஈடு. தெளிந்த இரவாயிருந்தால் மூன்று மைலில் நின்றவர்கள் கட்டாயம் கண்டிருப்பார்கள்.

கெடுத்தது காற்றில் இருந்த மழை. ஒளி விரிந்து பரவுவதால் குறைவது ஒன்று. வழியில் நீர்த்துளிகள் அதைச் சிதறடிப்பதால் குறைவது மற்றொன்று. முன்னது வர்க்கக் கணக்கில் குறையும். பின்னது வட்டிக்கு வட்டி போல, ஒவ்வொரு மைலுக்கும் மீதியில் இத்தனை பங்கு என்று தின்றுகொண்டே போகும். பகலில் இரண்டு கடல் மைலுக்கு மேல் கண் செல்லாத அளவு மழைமூட்டம் என்று வைத்துக் கணக்கிட்டால், 103 காண்டெலா விளக்கு இரண்டேகால் மைல்தான் தெரியும். டார்ச், சுற்றுவதால் பாதி இழந்த நிலையிலும், நான்கு மைல் தெரியும். படகு நின்றதோ மூன்றில். மூன்று உயிர்கள் அந்த இடைவெளியில் தப்பின.

இதே கணக்கை மறுபுறமும் பார்க்க வேண்டும். ஓரளவு நல்ல வானிலையில், அதாவது பகலில் பத்துக் கடல் மைல் கண் செல்லும் காற்றில், 20 கடல் மைல் தெரிய ஒரு விளக்குக்கு ஏறக்குறைய 1,10,000 காண்டெலா வேண்டும். அதைப் பத்து மடங்காக்கினால் இருநூறு மைல் தெரியுமா? அறுபதாவது தெரியுமா? இருபத்தாறு மைல்தான்! பத்து விளக்கின் விலை கொடுத்து ஆறு மைல் வாங்குகிறோம். அதுவும் பூமி இடங்கொடுத்தால்.

பூமி உருண்டையாயிற்றே. நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே உள்ள விளக்கை, அதே உயரத்தில் இருக்கும் கண் ஆறு கடல் மைலுக்கு அப்பால் பார்க்கவே முடியாது. எத்தனை கோடி காண்டெலாவாயினும் கடலின் வளைவு மறைத்துவிடும். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால் விளக்கிலிருந்து தொடுவானம் வரையுள்ள தொலைவு கடல் மைலில் வரும். கண்ணுக்கும் அவ்வாறே கண்டு இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கலங்கரை விளக்கத்தை உயரமாகக் கட்டுவது இதற்காகவே.

இதை நினைக்கும்போது என் மனம் நிக்கோபாருக்குப் போய்விடுகிறது. பெரிய நிக்கோபார் தீவின் தென்கோடியில், இந்திய நாட்டு எல்லையின் கடைசி நிலத்தில், பிக்மேலியன் முனை என்று முன்பு வழங்கிய இந்திரா முனை இருக்கிறது. அங்கே கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது 1972-இல். கொழும்பைக் கடந்து மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பல்கள் அந்த முனைக்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள கடல் வழியே போகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது முனையில் வாழ்ந்த குடும்பங்களைக் கடல் கொண்டது. நிலநடுக்கத்தில் நிலமே 4.25 மீட்டர் கீழே இறங்கிவிட்டது. கரையில் நின்ற கோபுரம் அலைகளுக்கு நடுவே நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது விழவில்லை, மீண்டும் விளக்கேற்றினார்கள்.

அந்த விளக்குக்கு என்ன நேர்ந்தது என்று பௌதிகக் கண்ணால் பார்க்கிறேன். கணக்குக்காக, விளக்கு முன்பு நீர்மட்டத்துக்கு 40 மீட்டர் மேலே இருந்ததாகக் கொள்வோம். தொடுவானம் 13.2 கடல் மைல். 4.25 மீட்டர் இறங்கிய பிறகு 12.4. கப்பல் தளத்தில் நிற்பவன் அந்த ஒளியை முன்பு கண்டதைவிட முக்கால் கடல் மைல் நெருங்கி வந்த பிறகே காண்பான். பதினைந்து நாட்டில் ஓடும் கப்பலுக்கு அது மூன்று நிமிட நேரம். அதே செறிவுள்ள விளக்கை மீண்டும் ஏற்றினால் காண்டெலாவில் ஒன்றுகூடக் குறையாது. மாலுமிகள் கையில் வைத்திருக்கும் விளக்குப் பட்டியலில் ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் எதிரே ஒளி எட்டும் தொலைவு ஒரு கட்டத்திலும், நீர்மட்டத்திலிருந்து விளக்கின் உயரம் மற்றொரு கட்டத்திலும் இருக்கும். செறிவைக் கொண்டு கணக்கிட்ட முதற் கட்டத்தைத் தொட வேண்டுவதில்லை. இரண்டாவது கட்டத்தில் 4.25-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும்.